மருந்தடிக்கும் முன் அது என்ன பூச்சி என்று பாருங்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கும் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"கொட்டும் பூச்சி எதைக் கண்டாலும் உடனே தெரிவிக்கவும், மருந்தடிக்கப்படும்" என்று போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினீர்கள். அதற்குக் காரணமான பூச்சியை முதலில் பார்த்தவள் நான்தான். படம் எடுத்து உங்களிடம் காட்டியதும் நான்தான். அதனால் இதை எழுதும் கடமையும் எனக்கே இருக்கிறது.

காலையில் பின்பக்கப் படிக்கட்டில் அதைப் பார்த்தேன். பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத மயில்கழுத்து நிறம். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். பின்னங்கால்களிலும் நடுக்கால்களிலும் தொடை மட்டும் சிவப்பு. தன்னைவிடப் பெரிய கரப்பான் ஒன்றின் உணர்கொம்பைக் கவ்வியிருந்தது. கொம்பு பாதிதான் இருந்தது, மீதி கடிபட்டிருந்தது. கரப்பானை அது இழுத்துப் போகவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டை நடத்துவதுபோல நடத்திக்கொண்டு போனது. கரப்பானும் தன் காலாலேயே கூடவே நடந்தது. சுவரோரம் இருந்த துளைக்குள் இரண்டும் போயின. பிறகு குளவி மட்டும் வெளியே வந்து, சிறு கற்களையும் குப்பையையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாயிலை அடைத்தது.

படத்தைப் பார்த்ததும் "விஷக் குளவி, கொட்டினால் உயிர் போகும்" என்று பேச்சு பரவிவிட்டது. மாலைக்குள் மருந்து தெளிப்பவர் வந்துவிட்டார். அந்தக் குளவி அகப்படவில்லை. ஆனால் மாடிப்படிச் சுவரில் மாதக்கணக்கில் யாரையும் சீண்டாமல் இருந்த மண்குளவிக் கூடுகள் அத்தனையையும் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். உடைந்த கூட்டில் மயங்கிய சிலந்திகள் அடுக்கி வைத்தபடி கிடந்தன. குஞ்சுக்காகத் தாய் சேர்த்து வைத்த இரை அது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

நான் பார்த்தது கரப்பானை வேட்டையாடும் குளவி. அறிவியல் பெயர் ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா. முதல் கொட்டு கரப்பானின் மார்பில் விழும், சில நிமிடம் முன்னங்கால்கள் செயலிழக்கும். இரண்டாவது கொட்டு நேராகத் தலைக்குள், மூளையில். அதோடு தப்பியோட வேண்டும் என்ற உந்துதலே கரப்பானுக்கு அற்றுப்போகும். நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தோன்றாது. அதன் காலில் குளவி ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். கரப்பானை ஒழிக்க 1941இல் இதை ஹவாய்த் தீவுகளுக்கே கொண்டுபோய் விட்டார்கள். தனித்தனியாக எல்லை பிரித்துக்கொண்டு முட்டைக்கு வேண்டிய அளவே இது வேட்டையாடும் என்பதால் நினைத்த பலன் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்தால் நம்மையும் கொட்டும். ஆனால் கூட்டமாக வாழாது, நம்மைத் துரத்தியும் வராது.

அதுவே கதண்டாக இருந்திருந்தால் முதலில் ஓடி வந்து கதவைத் தட்டியிருப்பவள் நான்தான். கூட்டமாக வாழும் பெரிய குளவி அது, கடந்தை என்றும் சொல்வார்கள். வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டையோடு, மரத்திலோ கூரையடியிலோ காகிதத்தால் செய்த பந்துபோலக் கூடு கட்டும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நம் தோலிலேயே மாட்டிக்கொள்ளும், தேனீயும் செத்துப்போகும். கதண்டுக்கு அப்படியில்லை, ஒன்றே பலமுறை கொட்டும். ஒன்றை நசுக்கினால் அந்த வாசனைக்கே மற்றவை திரண்டு வரும். நிறையக் கொட்டு வாங்கியவருக்குச் சிறுநீரகம் பழுதாகவும் வாய்ப்புண்டு. அந்த இடத்தில் கல், தீப்பந்தம், தெளிப்பான் எதுவும் வேண்டாம். பிள்ளைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, பாதுகாப்பு உடையும் பயிற்சியும் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். எல்லாப் பூச்சிக்கும் ஒரே அறிவிப்பு போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அடையாளம் காண்பது நினைப்பதுபோல் அவ்வளவு கஷ்டமில்லை. முதலில் கூட்டைப் பாருங்கள். மண் குழாயாகவோ சின்னக் குடமாகவோ இருந்தால் தனியாக வாழும் குளவி. குடைபோல ஒரு காம்பில் தொங்கி, அறைகள் திறந்து தெரிந்தால் காகிதக் குளவி. தொட்டால்தான் வம்பு, ஆனால் கதவுக்கு மேலேயே கட்டியிருந்தால் அகற்றத்தான் வேண்டும். மரச்சட்டத்தில் வட்டமாகத் துளையும் கீழே மரத்தூளும் இருந்தால் கருவண்டு, பெயர்தான் வண்டு, உண்மையில் மரத்தைத் துளைக்கும் தேனீ வகை. முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று மிரட்டுகிறதே, அது ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியது என்பதால் தேனீ, குளவி எதிலும் பெண்தான் கொட்டும். அப்புறம், இறக்கை இரண்டே இருந்து, உணர்கொம்பு இருப்பதே தெரியாத அளவு குட்டையாக இருந்தால் அது தேனீ வேடம் போட்ட ஈ. அதனால் கொட்டவே முடியாது. படம் எடுப்பவர்கள் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள், கூட்டையும் தூரத்திலிருந்து எடுங்கள். கூட்டுக்குப் போய்வரும் வழியில் மட்டும் நிற்காதீர்கள்.

எந்தப் பூச்சி கொட்டினாலும் சிலருக்கு ஒரே கொட்டு போதும். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றினாலோ பூச்சியின் பெயரைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காப்பாற்றும். பலகையில் ஒட்ட வேண்டியது இதைத்தான்.

பழைய தாளை எடுத்துவிட்டு, "படம் எடுங்கள், தள்ளி நில்லுங்கள், சங்கத்திடம் காட்டுங்கள், என்ன பூச்சி என்று தெரிந்த பிறகு முடிவு செய்வோம்" என்று மாற்றிப் போட முடியுமா? படங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். எனக்குப் பிடிபடாததைப் பூச்சியியல் படித்தவர்களிடம் அனுப்பிக் கேட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று. பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே, சுவரோரத் துளையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு முட்டை இருக்கிறது. இன்னும் சில வாரங்களுக்கு அந்த வட்டத்தின் பக்கம் மட்டும் மருந்தடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி