காரணத்தையும் படித்துத் திருத்துங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊரில் மாலை நேரத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். திருத்தி வந்த அவர்களுடைய நோட்டுகளைப் பார்ப்பதால்தான் இந்த மடல். முக்கோணங்கள் சர்வசமம் (வடிவிலும் அளவிலும் ஒன்றே) என்று நிரூபிக்கும் கணக்குகளில், பிள்ளைகள் எழுதும் காரணங்களை நீங்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். கடைசி வரியில் விதியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். இணைகரத்தின் எதிர்ப்பக்கங்கள் சமம் என்று நிரூபிக்க வேண்டும். ஏபிசிடி என்ற இணைகரத்தில் ஏசி என்ற மூலைவிட்டத்தை வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: ஏபி = சிடி, பிசி = டிஏ, ஏசி பொது, ஆகவே ப-ப-ப (மூன்று பக்கங்களும் சமம்) விதிப்படி சர்வசமம். அதற்கு முழு மதிப்பெண். ஏபியும் சிடியும் ஏன் சமம் என்று கேட்டேன். "இணைகரத்துல எதிர்ப்பக்கம் சமம்தானே அண்ணா" என்றாள். நிரூபிக்க வேண்டியதே அதுதான். இணைகரம் என்றதும் நம் கையில் இருப்பது, எதிர்ப்பக்கங்கள் இணை என்ற ஒரே செய்தி. அந்த இணைகோடுகளை ஏசி வெட்டுவதால் ஒன்றுவிட்ட கோணங்கள் (ஏசியின் இரு முனையிலும் எதிரெதிர்ப் புறத்தில் அமைபவை) இரண்டு சோடி சமமாகின்றன, நடுவில் ஏசி பொதுப்பக்கம், எனவே கோ-ப-கோ (இரு கோணங்களும் இடைப்பட்ட பக்கமும் சமம்). அப்புறம்தான் ஒத்த பக்கங்கள் சமம் என்று சொல்ல முடியும்.

உச்சிகளின் வரிசையும் அப்படித்தான். இங்கே ஏபிசி என்ற முக்கோணத்துக்குச் சர்வசமமானது சிடிஏ. அதை ஏடிசி என்று எழுதினால் ஏபியும் ஏடியும் சமம் என்றாகிவிடும், எல்லா இணைகரமும் சாய்சதுரம் (நான்கு பக்கமும் சமமானது) ஆகிவிடும். இதை எழுத்துப் பிழை மாதிரி விட்டுவிடக் கூடாது.

ப-ப-கோ (இரு பக்கங்களும், அவற்றுக்கு இடைப்படாத ஒரு கோணமும் சமம்) ஏன் விதியாகவில்லை என்று பிள்ளைகள் கேட்பதே இல்லை. வகுப்பில் ஒரு முறை வரையச் சொல்லுங்கள். ஏபி 8 செ.மீ., ஏ கோணம் 30 டிகிரி, பிசி 5 செ.மீ. பியில் கவராய முள்ளை வைத்து 5 செ.மீ. வில் போட்டால், ஏயிலிருந்து போகும் கதிரை அது இரண்டு இடத்தில் வெட்டும். ஏசி ஒன்றில் சுமார் 3.9 செ.மீ., இன்னொன்றில் சுமார் 9.9 செ.மீ. அளவு மூன்றும் அதேதான், முக்கோணம் மட்டும் இரண்டு. அதே கோணம் 90 டிகிரியாக இருந்தால், 8 செ.மீ.யைவிட நீளமான கர்ணத்துக்கு (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பிசிக்கு) கதிரில் ஒரே வெட்டுப்புள்ளிதான். செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதி அங்கிருந்து வருகிறது. தன் கையால் வரைந்த பிள்ளைக்கு இதை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

இந்த விதிகள் பரீட்சைக்கு மட்டுமானவை அல்ல என்பதையும் சொல்லுங்கள். 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவை, பெரும்பாலும் கோணங்களை மட்டும் அளந்தே இமயமலை வரை போனது. ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான் என்ற உறுதியே அதற்கு அடிப்படை.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. காரணம் மனதில் இருந்தும் தமிழில் எழுத வராமல் அவர்கள் திணறலாம். முதலில் வாயால் சொல்லவிட்டு, அப்புறம் எழுத வையுங்கள்.

வரும் காலாண்டுத் தேர்வில், நான் மேலே சொன்ன அந்தத் தவறான நிரூபணத்தையே அச்சிட்டு, "எந்த வரி தவறு, ஏன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சரியான காரணம் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

அன்புடன்,
ஊத்தங்கரை வட்டத்திலிருந்து ஒரு மாலை வகுப்பு ஆசிரியன்