விசாரணையை முதலில் எழுதுங்கள், பிராதைப் பிறகு எழுதலாம்

தமிழ்நாட்டின் மாவட்ட உரிமையியல் நீதிமன்றங்களிலும் சார்பு நீதிமன்றங்களிலும் புதிதாக சிவில் வழக்கு நடத்த வந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம்.

பத்து வருடமாக ஓடும் ஓர் அசல் வழக்கின் ஆவணக் கட்டை எடுத்து, அதன் வாய்தாக் குறிப்புகளை (ஒவ்வொரு தவணையிலும் எழுதப்படும் குறிப்புகளை) வரிசையாகப் படித்துப் பாருங்கள். பேட்டா (சம்மன் அனுப்புவதற்கான கட்டணம்) கட்டவில்லை. முகவரி தவறு, சம்மன் திரும்பியது. வாரிசுகளைச் சேர்க்க மனு. சொத்து விவரத்தைத் திருத்த மனு. கூடுதல் ஆவணத்துக்கு அனுமதி கோரி மனு. இவற்றில் பலவும் பிராது (வாதியின் வழக்குரை) தாக்கலாகும் முன்பே நம் அலுவலகத்தில் தடுத்திருக்க வேண்டியவை. நீதிபதி பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது நம் கையில் இல்லை. இது இருக்கிறது.

கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்திட்டதும் பிராது எழுத உட்காராதீர்கள். ஒரு தாளை எடுத்து, இந்த வழக்கில் நீதிமன்றம் என்னென்ன எழுவினாக்கள் (தீர்க்க வேண்டிய கேள்விகள்) வனையும் என்று நீங்களே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை எந்த ஆவணம் நிரூபிக்கும், யார் கூண்டேறிச் சொல்வார் என்று குறியுங்கள். கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கு என்றால், பாக்கித் தொகையோடு வாதி தொடர்ந்து தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா என்ற வினா வந்தே தீரும். அந்த வரிக்கு எதிரே வங்கிக் கணக்கோ உரிய காலத்தில் அனுப்பிய நோட்டீசோ இல்லாமல் வெறும் வாய்மொழி மட்டும் நின்றால், பலவீனம் எங்கே என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அதே தாளின் தலைப்பில் காலவரம்பு முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். இவ்வகை வழக்குக்கு, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டு. தேதி குறிக்காத ஒப்பந்தமானால், மறுப்பு வாதிக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு.

அசையாச் சொத்து வழக்குகளைக் கெடுப்பதில் முதலிடம் சொத்து விவரத்துக்குத்தான். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புதிய உட்பிரிவு, பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர். (ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், இந்தக் கணக்கைப் போடாமலே பத்திர அளவையும் பட்டா அளவையும் பிராதில் அருகருகே எழுதிவிடுகிறார்கள்.) 1980களின் யு.டி.ஆர். (நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) பதிவில் பெயரும் பரப்பும் மாறிப்போன நிலங்கள் ஏராளம். ஆகவே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, 'அ' பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு), புல வரைபடம் நான்கையும் ஒன்றாக விரித்து ஒப்பிடுங்கள். நான்கெல்லையை இன்று அங்கே இருப்பவரின் பெயரோடு எழுதுங்கள். இதைச் செய்யாவிட்டால், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் சர்வேயரோடு போய் நிற்கும்போது பிராதில் உள்ள நிலம் தரையில் கிடைக்காது. டிக்ரி வாங்கினாலும் நிறைவேற்று மனுவில் அமீனா (டிக்ரியை நிறைவேற்றப் போகும் நீதிமன்ற ஊழியர்) வெறுங்கையோடு திரும்பி வருவார்.

கோரும் பரிகாரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். அனுபவம் வாதியிடம் இருந்து, உரிமைமூலத்தை எதிர்த்தரப்பு மெய்யாகவே மறுத்து மேகம் சூழவைத்திருந்தால், வெறும் நிரந்தர உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) போதாது. விளம்புகையும் (உரிமை வாதிக்கே என்ற அறிவிப்பும்) கோர வேண்டும். அனதுல சுதாகர் எதிர் புச்சி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாக வகுத்துவிட்டது. நோட்டீசுக்கு வந்த பதிலிலேயே மறுப்பு இருந்தும், நீதிமன்றக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க உறுத்துக் கட்டளை மட்டும் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு திருத்தலாம் என்று நம்பாதீர்கள். விசாரணை தொடங்கிவிட்டால், உரிய முயற்சி எடுத்தும் முன்னரே கேட்க இயலவில்லை என்று காட்ட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6 விதி 17.

வழக்கு எண் கிடைத்ததும் சம்மன். பேட்டாவை அன்றே கட்டுங்கள். பிரதிவாதியின் கதவு எண், இப்போதைய தெரு, வேலை செய்யும் இடம் எல்லாம் குமாஸ்தாவின் குறிப்பில் இருக்க வேண்டும். சார்வாகாமல் (பிரதிவாதியிடம் சேராமல்) திரும்பிய சம்மனுக்குப் புதியது கேட்காமல் 7 நாள் விட்டால் வழக்கு தள்ளுபடியாக இடமுண்டு. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கினால், பிராது, மனு, அபிடவிட் (பிரமாணப் பத்திரம்), ஆவண நகல்களை எதிர்த்தரப்புக்கு உடனே அனுப்பி, அப்படி அனுப்பியதாக அன்றோ மறுநாளோ அபிடவிட் போட வேண்டும். கட்டளை 39 விதி 3 சொல்லும் இந்தச் சின்ன வேலை தவறியதால் மட்டுமே கலைந்துபோகும் தடைகள் உண்டு.

பிரதிவாதிக்கு ஆஜராவோர், எதிர்வழக்குரை (பிராதுக்கான எழுத்துப் பதில்) தாக்கல் செய்யச் சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்பதை மனதில் கொள்ளுங்கள். சாதாரண சிவில் வழக்கில் 90 நாளுக்குப் பிறகும் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக நீதிமன்ற வழக்கில் 120ஆம் நாளோடு கதவு அடைபடும். எதிர்வழக்குரையில் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வாட்ஸ்அப் செய்தியோ சிசிடிவி பதிவோ நம்பியிருக்கிறீர்கள் என்றால் சான்றிதழை முதலிலேயே தயார் செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63ஆம் பிரிவுப்படி அது இரண்டு பகுதி: ஒன்றில் தாக்கல் செய்யும் தரப்பு, மற்றதில் நிபுணர் கையெழுத்து, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு). பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி படிவத்தை நகலெடுத்துப் போட்டால் சாட்சி கூண்டில் நிற்கும்போது ஆட்சேபம் எழும்.

கட்சிக்காரரோடு மாதம் ஒருமுறையாவது பேசுங்கள், குறிப்பாகப் பாகப்பிரிவினை வழக்குகளில். யாராவது இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு. தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்க அடுத்த 60 நாள். அதையும் தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் சேர, மூன்று மனுக்களிலேயே ஒரு வருடம் போய்விடும். எதிர்த்தரப்பில் இறந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை அவரின் வழக்கறிஞருக்கு உண்டு என்கிறது கட்டளை 22 விதி 10-ஏ. அதைக் கடைப்பிடிப்பவர்களைக் காண்பது அரிது. நீங்கள் கடைப்பிடியுங்கள்.

எழுவினாக்கள் வனைந்த 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல். உயில் இருந்தால் சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவராவது அதில் வேண்டும்; அவருக்கு வயது 80 என்றால் ஆணையர் மூலம் சாட்சியம் பதிவு செய்ய அப்போதே மனு போடுங்கள். முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பே பதிவு செய்யும் சாட்சியம்) அபிடவிட்டில் பிராதை அப்படியே திரும்பத் தட்டச்சு செய்யாதீர்கள். அந்தச் சாட்சி தானே அறிந்தது மட்டும், அவர் பேசும் தமிழில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முன் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே பெரும்பாலும் "இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டீர்களா?" என்பதாக இருக்கும்.

அன்புடன்,
சிவில் வழக்காடும் மூத்த வழக்கறிஞர்கள் சிலர்