வெளிர்நிறம் வேறு, வெளிறல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு வாசகி, தமக்குப் பிறவியிலேயே வெளிர்ந்த தோல் என்றும், சிறிது நேரம் வெயில் பட்டாலே சிவந்து உரிந்துவிடுகிறது என்றும், அந்த நிறம் கெடாமல் பார்த்துக்கொண்டு உடல்நலத்தையும் பேணுவது எப்படி என்றும் கேட்டிருந்தார். நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் வெயிலில் நில்லுங்கள், தோல் தானாகப் பழகிக்கொள்ளும் என்று நான்கே வரிகளில் அதற்குப் பதில் அச்சாகியிருந்தது. பதில் எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நிறத்தைக் கொண்டு மனிதரை எடைபோடுவது தவறு என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வாசகி வெள்ளையாவதற்கு வழி கேட்கவில்லை. தம்மிடம் இருக்கும் தோலோடு நோயின்றி வாழ வழி கேட்டார். அதே கேள்விக்கு நானாக ஒரு தவறான விடையைக் கண்டுபிடித்து, ஒன்பது ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்து, அதன் பலனை எலும்பிலும் ரத்தத்திலும் அனுபவித்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அதே தோல்தான். அரைமணி நேர வெயிலில் கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்து காந்தும். இரண்டு நாளில் மூக்கின் மேல் தோல் வெங்காயச் சருகுபோல் எழும்பும். ஆகவே வெயிலையே என் வாழ்க்கையிலிருந்து விலக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். விடிந்தும் விடியாமலும் வேலைக்குக் கிளம்புவேன். இருட்டிய பிறகு திரும்புவேன். விடுமுறை நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே இருப்பேன். நடப்பதும் அதோடு நின்றது. ஒன்பதாவது ஆண்டில், தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. படி ஏறும்போது தொடை கனத்தது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் லேசாக அழுத்தினாலே வலித்தது. இத்தனைக்கும் நடுவில், பார்த்தவர்கள் எல்லாரும் என் நிறத்தைப் புகழ்ந்தார்கள் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. முன்னைவிட நிறம் வந்துவிட்டாய் என்று என்னிடம் மூன்று பேர் சொன்ன மாதத்தில், என் ஹீமோகுளோபின் 7.9 கிராம் இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு அது 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

என்னைப் பரிசோதித்த மருத்துவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. கீழ் இமையை விரலால் இழுத்து, அதன் உட்புறத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு என் உள்ளங்கையை விரித்துத் தம் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் நீங்களே பாருங்கள் என்றார். அவருடையது மாநிறக் கை; ஆனால் உள்ளங்கையில் செம்மை ஓடியிருந்தது. என்னுடையது காகிதம். நம் மொழியில் வெளிர்நிறத்தைச் சிவப்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முகம் வெளுத்துப்போயிருக்கிறதே என்று கேட்டால் மட்டும் நோயைக் கேட்கிறோம் என்று பொருள். அந்த ஒரு சொல் வேறுபாட்டுக்குள் பெரிய மருத்துவ உண்மை அடங்கியிருப்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நிறத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, தோலின் மேலடுக்கில் இருக்கும் மெலனின் என்ற நிறமி. அதைச் செய்யும் செல்களின் எண்ணிக்கை எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும், அது செல்களுக்குள் பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன. மற்றொன்று, தோலுக்கு அடியில் நுண்குழாய்களில் ஓடும் ரத்தம். மெலனின் குறைந்திருப்பது இயல்பு. ரத்தம் குறைந்திருப்பது நோய். முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். இமைக்குள்ளும் நாக்கிலும் நகத்தடியிலும் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வருவதில்லை. பல ஆண்டுகளாக நான் பொருட்படுத்தாமல் விட்ட அதிக மாதவிடாய்ப் போக்கே என் ரத்தசோகைக்குக் காரணம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்து, போக்குக்கும் சிகிச்சை பெற்று, சில மாதங்களில் ரத்தம் மீண்டபோது என் நிறம் கறுக்கவில்லை, வெளிறல்தான் போயிற்று. வெளிர்நிறம் அப்படியே இருந்தது. அந்த வாசகிக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, வெயில். வெளிர்ந்த தோல் பழகிக்கொள்ளும் என்பது அபாயமான ஆறுதல். புற ஊதாக் கதிரால் செல்லின் டிஎன்ஏ அடிபட்ட பிறகு, மேலும் அடிபடாமலிருக்கத் தோல் செய்துகொள்ளும் ஏற்பாடே கறுத்தல். அப்படிக் கறுத்த தோல் தரும் பாதுகாப்பும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்புப் பூச்சுகளின் காப்பைக் குறிக்கும் எண்) மூன்று நான்கு அளவுதான் என்கிறார்கள். எளிதில் வெந்து, கறுக்கவே செய்யாத தோலுக்கு அதுவும் இல்லை. தோல் புற்றுநோயின் ஆபத்து மிகுதியாக இருப்பதும் இத்தகைய தோலுக்கே. ஆகவே அவர் தம் நிறத்தைக் காப்பாற்ற நினைப்பதை வெறும் அழகு ஆசை என்று தள்ளிவிடக் கூடாது. அந்தத் தோலைப் பொறுத்தவரை நிறத்தைக் காப்பதும் நலத்தைக் காப்பதும் பெரும்பாலும் ஒரே வேலை.

அந்த வேலையைத்தான் நான் தவறாகச் செய்தேன். திரை விலகியிருந்த சன்னலோரம்தான் அலுவலகத்தில் என் இருக்கை. கண்ணாடி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆண்டுக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருந்தேன். புற ஊதாக் கதிரில் இரண்டு வகை நம்மை வந்தடைகின்றன. சாதாரணச் சன்னல் கண்ணாடி, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யை உண்டாக்கும் யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது; தோலின் ஆழம்வரை சென்று சுருக்கத்தையும் கருந்திட்டுகளையும் உண்டாக்கும் யுவிஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. வெயிலால் வரும் நன்மையை வெளியே நிறுத்திவிட்டு அதன் தீமையை மட்டும் உள்ளே அழைத்திருக்கிறேன் என்பது, இடது கன்னத்தில் மட்டும் புள்ளிகள் கூடியதைக் கண்ட பிறகே எனக்கு உறைத்தது. சன்னல் என் இடப்பக்கத்தில் இருந்தது.

இப்போது நான் வெளியே போகிறேன், நடக்கிறேன். உடலுக்கு வெளிச்சமும் நடையும் தேவை. எரிக்கும் கதிர் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அறைக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில் நின்றாலும் அது பல மடங்கு மிகுதி. உறக்கத்தையும் விழிப்பையும் நேரத்தில் நிறுத்தும் உடல் கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம் போதும். தரையில் ஊன்றி நடப்பது எலும்பை உறுதிப்படுத்துகிறது. அதை நிழலிலும் செய்யலாம். நேரம் அறிய நான் கடைப்பிடிப்பது நிழல் கணக்கு: தரையில் விழும் என் நிழல் என் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை, நீளமாக இருந்தால் தணிவு. கைப்பேசி வானிலைச் செயலிகளில் வரும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய மேகத்தை ஊடுருவிக்கொண்டு கதிரில் பெரும்பங்கு வந்துவிடும் என்பதால், மந்தாரமான நாளை நம்பியும் நான் ஏமாறுவதில்லை.

வெயில் தடுப்புப் பூச்சான சன்ஸ்கிரீன் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாங்குவோர் பலர் இருக்க, அதைச் சரியாகப் பூசுவோர் சிலரே. எஸ்பிஎஃப் 30 என்பது யுவிபி கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய ஆதாயமில்லை. அளவில்தான் ஆதாயம் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான் ஆய்வுக்கூடத்தில் அந்த எண்ணை நிர்ணயிக்கிறார்கள். நாம் பூசுவதோ அதில் பாதி, பல நேரங்களில் கால்வாசி. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடாகப் பிதுக்கினால் வருவதே முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய அளவு. முதல்முறை பிதுக்கியபோது இத்தனையா என்று திகைத்தேன். காது மடலையும் பின்கழுத்தையும் புறங்கையையும் விட்டுவிடக் கூடாது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். யுவிஏ கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு இல்லாத குப்பியை வாங்குவதில் பயனில்லை. பூச்சைவிட நம்பகமானது துணி. நெருக்கமாக நெய்த, நிறம் அடர்ந்த, நீளக்கைச் சட்டையும், காதும் கழுத்தும் மறையும் அகல விளிம்புத் தொப்பியும் மறுபூச்சு கேட்பதில்லை. மெல்லிய வெள்ளைத் துணி நனைந்துவிட்டால் அதன் காப்பு இன்னும் குறைகிறது.

இப்படி மூடிக்கொண்டால் வைட்டமின் டி-க்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அதை உண்டாக்கும் யுவிபி கதிர்தான் தோலைச் சுடுவதும். ஆகவே வெளிர்தோல் உடையவர் வெயிலிலிருந்தே அதைப் பெற்றாக வேண்டும் என்று வற்புறுத்துவது சரியல்ல. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம், அதை உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் பெறும்படியே சொல்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு (ஐயு), 70 வயதைக் கடந்தவர்களுக்கு 800 அலகு என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கொழுப்புள்ள கடல்மீன், முட்டையின் மஞ்சள்கரு, வைட்டமின் செறிவூட்டிய பால் இவற்றில் ஓரளவு கிடைக்கும், மீதிக்கு மாத்திரை. என் எலும்பு வலிக்கும் தொடைக் கனத்துக்கும் காரணம் அதன் குறைவே; எனக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அது 7 நானோகிராம்தான் இருந்தது. 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்பார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் எடுத்து, மூன்றாம் மாதம் மறுபடி பரிசோதித்தேன். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்த நாளை நான் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இது தண்ணீரில் கரைந்து வெளியேறும் வைட்டமின் அல்ல, கொழுப்பில் தங்கும். மருத்துவர் சொல்லாமல் நாளொன்றுக்கு 4000 அலகைத் தாண்டி நீண்டகாலம் எடுத்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

பிள்ளைகளை நிறம் போய்விடும் என்று வீட்டுக்குள் வைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாள்தோறும் வெளியே வெளிச்சத்தில் நேரம் கழிக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொப்பி போட்டு அனுப்புங்கள். அனுப்பாமல் மட்டும் இருக்காதீர்கள்.

அச்சான அந்தப் பதிலில் ஒரு வரிகூட இடம்பெறாதவை சிவப்பழகுக் களிம்புகள். நிறம் பற்றி ஒருவர் கவலைப்படுகிறார் என்று தெரிந்ததும் அவரை முதலில் தேடி வருபவை அவைதான். எனக்கு நெருங்கிய ஒரு பெண்ணுக்கு, மூலப்பொருள் பட்டியலே இல்லாத ஒரு குப்பியை யாரோ கொடுத்தார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் மாதம் கன்னத்தில் செந்நூல் இழைபோல ரத்தக்குழாய்கள் தெரிந்தன, நெற்றியெங்கும் பரு, பூசுவதை நிறுத்தினால் முகம் தீயாய் எரிந்தது, அதனால் நிறுத்தவும் பயம். உள்ளே வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் தோல் மருத்துவர். கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் தக்க நோய்க்குத் தக்க நாட்கள் பூச வேண்டிய நல்ல மருந்துகள். அழகுக்காக மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலியவைத்துவிடும். நிறத்தை வெளுக்கச் செய்யும் மருந்தான ஹைட்ரோகுவினோனை மருத்துவர் கண்காணிப்பின்றி ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலங்கலந்த கருமை படிந்து, பிறகு நீங்குவதே அரிதாகிவிடும். பாதரசம் எல்லாவற்றிலும் கொடியது. மெலனின் உருவாவதைத் தடுக்கும் அதே பாதரசம் சிறுநீரகத்துக்குள் போய்ச் சேர்கிறது. அதன் ஆவி, களிம்பையே தொடாத குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப்பொருள்களை 2020-உடன் நிறுத்தச் சொன்னது. பின்னர் 2023-இல், எந்த அளவில் சேர்த்திருந்தாலும் 2025-க்குள் விலக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகும் அவை விற்கப்படுகின்றன. மூலப்பொருள் பட்டியலில் பாதரசத்தைக் குறிக்கும் கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ என்ற சொற்கள் இருந்தாலும், பொன் வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கை இருந்தாலும் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. இப்படி ஒன்றைப் பூசிவந்தவருக்குச் சிறுநீர் நுரைத்தாலோ, கை நடுங்கினாலோ, உறக்கம் கெட்டாலோ, குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதம் ஒருமுறை உடலில் உள்ள மச்சங்களைப் பார்க்கும் பழக்கத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். இரு பாதியும் ஒத்திராத, ஓரம் பிசிறிய, ஒன்றுக்கு மேல் நிறம் காட்டும், வளர்ந்துவரும் மச்சம் எதுவும் காத்திருக்கக் கூடாது.

ஆசிரியர் அவர்களே, அந்த வாசகியின் கேள்வியை மீண்டும் எடுத்து, ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு முழுப் பக்கத்தில் பதில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்திலேயே கண் இமையின் உட்புறத்தைப் பார்ப்பது எப்படி என்பதை ஒரு படத்தோடு வெளியிட்டால் நல்லது. மூலப்பொருள்களை வெளியிடாத சிவப்பழகுக் களிம்புகளின் விளம்பரத்தை இனி ஏற்பதில்லை என்ற முடிவையும் தாங்கள் எடுக்க வேண்டும். சென்ற வாரம் அப்படிப்பட்ட விளம்பரம் ஒன்று, அவருடைய கேள்வி வந்த பக்கத்தின் மறுபுறத்திலேயே அச்சாகியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகி