கூன் போடாமல் தாத்தாவாக நடிப்பது

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் குளிர்காலத்தில் ஜனங்கள் கூடுவது நூலகத்திலும் சர்ச் கூடத்திலும்தான். தாத்தா, ஆயாக்களின் கதையைப் பள்ளி விழாவில் நாடகமாகப் போடப்போவதாக எழுதியிருந்தாய். இந்த ஊரில் அதற்கென்றே 1983-இல் பாம் ஷ்வைட்சர் என்ற அம்மாள் ஏஜ் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பைத் தொடங்கினார். முதியவர்கள் பேசிய பேச்சுதான் அவர் போட்ட நாடகங்களில் வசனம்.

நீயும் வசனம் எழுதி உட்காராதே. பொருளிலிருந்து தொடங்கு. இங்கே பழைய ரேஷன் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள். போர் முடிந்தும் 1954 வரை ரேஷன் இருந்த நாடு. வரிசையில் யார் நின்றது, வெண்ணெயை எப்படிப் பங்கிட்டது எல்லாம் வந்துவிடும். நம் பக்கத்துக்கு, மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்த கவலைச் சாலும் அதை இழுக்கும் வடக் கயிறும் போதும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான் சாமி" என்பதோடு சரி. "வடத்து மேல யாரு உட்காருவாங்க? மாடு பின்னால வர என்ன குரல் கொடுப்பீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல். பெரியவர் எழுந்தே காட்டுவார். குரலை மட்டும் பதியாமல் காலையும் கையையும் படம் பிடி.

ஒருவருக்கு மூன்று பிள்ளைகள், முக்கால் மணி நேரம். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தால் வாய்க்காரர் ஒருவரே பேசுவார். ஆயாக்களைத் தனியே வை.

வருடம் கேட்காதே. 1957-இல் கிருஷ்ணகிரி அணை திறந்ததற்கு முன்னா பின்னா என்று கேள். "அணைக்கு மண் சுமந்தேன்" என்பவருக்கு இப்போது 80-க்கு மேல் ஆகியிருக்க வேண்டும். வயது ஒத்துவராவிட்டால் அப்பா சொன்னதைத் தன்னதாகச் சொல்கிறார். மடக்காதே, அப்பா கதை என்று குறித்துக்கொள்.

மேடையில் கெடுவது இதில்தான்: பிள்ளைகள் கூன் போட்டு, குரலை நடுக்கிக் கிழவராக நடிப்பார்கள். கதை நடந்தபோது அவருக்கு 18 வயது! நிமிர்ந்து நிற்கட்டும். காலம் தாவும் இடத்தில், தெருக்கூத்தில் கதையை எடுத்துச் சொல்லும் கட்டியங்காரனை விடு. இங்குள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

பாதி ஒத்திகையிலேயே சொன்னவரைக் கூப்பிட்டுக் காட்டு. நிலத் தகராறு, இறந்த பிள்ளை பற்றியதை எடுத்துவிடு என்றால் பேரம் பேசாமல் எடுத்துவிடு. காட்சி 10 நிமிடம் தாண்டவேண்டாம். நாற்காலியை ஸ்பீக்கர் பக்கத்தில் போடாதே, இரைச்சலில் அவர்கள் கதையே அவர்களுக்குக் கேட்காது.

ஆயாவின் சாலில் தண்ணீர் கொட்டும் தோல் குழாய், அந்தத் தும்பி, இன்னும் இருக்கிறதா, பார்த்து எழுது.

அன்புடன்,
அண்ணன்