சுவர் வேலைக் கணக்கு

அன்புள்ள சுமதிக்கு,

அம்மா எழுதுவது. போனில் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாலே ‘சரிம்மா, சரிம்மா, செஞ்சுடு’ என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். போட்டோ எடுத்து அனுப்பலாம்தான், ஆனால் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்தால் அவன் படிப்பான், தபாலிலேயே வரட்டும்.

நீ அனுப்பிய 2 லட்சம் வந்து சேர்ந்தது. போன மாசமும் அனுப்பினாய், இந்த மாசமும் அனுப்பியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லை.

கொத்தனார் வந்து பார்த்தார், சின்னவர் இல்லை, அவருடைய அப்பா, எழுபதைத் தாண்டியவர். கரணைக் காம்பால் ரேழியிலிருந்து ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். கூடத்தில் அரிசி மூட்டை சாத்தியிருக்கும் பக்கம் முழுக்க பொக் பொக் என்று சத்தம், பூச்சு சுவரை விட்டு எப்போதோ கழன்றுவிட்டதாம், சும்மா நிற்கிறதாம். ஒரு இடத்தில் நெம்பினார், கதவு அளவுக்கு ஒரே பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் ஈரமாக, மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், பொரிவிளங்கா உருண்டை உதிர்கிற மாதிரி உதிர்ந்தது. கஜா புயலுக்கு அசையாத சுவர் சுமதி இது. தென்னை ஆறும் சாய்ந்த அன்று ராத்திரி நானும் அப்பாவும் இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், அந்தக் காலத்து வீட்டுக்கு அடியில் அதைத் தடுக்கிற பெல்ட்டெல்லாம் கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமென்ட் விடாது. வெளியே வர வழியில்லாமல் உப்போடு செங்கல்லுக்குள்ளேயே தங்கி அதை அரித்துவிடும். இதைத்தான் கொத்தனார் சொன்னார். இதையேதான் அப்பாவும் சொன்னார். அதை அப்புறம் எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். கூடம், ரேழி, இரண்டு அறை, சமையல்கட்டு எல்லாம் சேர்த்து சுவர் மட்டும் 2,800 சதுர அடி வருகிறது. சிமென்ட் என்றால் சாமானும் கூலியும் சேர்த்து அடிக்கு 60, சுண்ணாம்பு என்றால் 110. இரண்டுக்கும் நடுவில் 1,40,000 வித்தியாசம். பழசைக் கொத்தி எடுக்க அடிக்கு 12, எதைப் பூசினாலும் அது உண்டு. நீ ‘வீடு பூரா சுண்ணாம்பே போடு, காசைப் பார்க்காதே’ என்றாய். நான் பார்ப்பேன். கூடமும் ரேழியும் மட்டும் இப்போது, 1,200 அடி. பூச்சுக்கு 1,32,000, கொத்துவதற்கு 14,400, இடிசல் அள்ள டிராக்டர் இரண்டு லோடு 3,000, அடிவரிசையில் கரைந்த செங்கல்லை மாற்ற 8,000. ஆக 1,57,400. பாக்கி 42,600 பாங்கில் இருக்கிறது, பாஸ்புக்கில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாசத்துப் பணம் ஓடு மாற்றியதற்கும் வயரிங்குக்கும் போய்விட்டது, அந்தச் சீட்டெல்லாம் டப்பாவில் இருக்கிறது. இனிமேல் அனுப்பாதே. அறைகளை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அதற்கடுத்த வருஷம். சுவர் ஓடிவிடாது. அப்பா பென்ஷன் எனக்கு மிஞ்சத்தான் மிஞ்சுகிறது.

சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு இன்றோடு பதினெட்டு நாள். கடுக்காயும் கருப்பட்டியும் தனியாக டிரம்மில் ஊறுகிறது, அந்தத் தண்ணீரில்தான் கலவை குழைப்பார்களாம். கொல்லை முழுக்க ஒரு புளிச்ச வாடை, டிரம்மைச் சுற்றி எறும்பு வரிசை. சித்தாள் பெண் மஞ்சள் தூளைக் கொட்டிப் பார்த்தாள், எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு கோட்டு பூசினால் இறுகிய பிறகுதான் அடுத்தது, மூன்று கோட்டு. சின்னக் கொத்தனாருக்குப் பொறுமை இல்லை, சிமென்ட் என்றால் இந்நேரம் முடித்திருப்பேன் என்கிறான். பெரியவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீ சாப்பிடுகிறாயா? வெளியில் வாங்காதே, ரசம் வைக்க எவ்வளவு நேரமாகும். முன்னெல்லாம் காலையில் நீ பேசினால் ரயில் சத்தம் கேட்கும், கதவு மூடுகிற மணி கேட்கும், பாதியில் லைன் போய்விடும். இப்போதெல்லாம் தெளிவாகக் கேட்கிறது. நான் இங்கே ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை, முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறாய், பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். லீவு என்றாய். சரி. லீவு நல்லதுதான், நீ எத்தனை வருஷமாக ஓய்வே இல்லாமல் உழைக்கிறாய், நம் குடும்பத்தில் அந்த ஊருக்குப் போய்ச் சொந்தக் காலில் நின்றவள் நீ ஒருத்திதான், இதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. ஆனால் வாய் திறந்து ஒன்றைச் சொன்னால் குறைந்தா போய்விடுவாய்? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கால் முறிந்ததைக்கூட ராத்திரிதான் சொன்னாய். பணம் அனுப்பாதே. சாப்பிடு.

2011இல் அவர்கள் உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றபோது கூடத்தில் கீழே நாலடிக்கு உப்புக்கறை. அப்பா சுண்ணாம்பிலேயே அந்த இடத்தை மட்டும் சரி செய்யலாம், ஒரு மாசம் பொறு என்றார். அவர்கள் வருவதற்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எனக்கு வழவழவென்று சுவர் வேண்டும். அவர் மசியவில்லை. அப்போது நான், சுமதிதான் கேட்கிறாள், இந்த வீட்டைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம் என்று சொன்னேன். நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. நீ சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்குச் சுவர் விஷயமே தெரியாது. அப்பா ஒன்றும் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு போய்ச் சிமென்ட் மூட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கு என் வளையல் போனது, அது போகட்டும். அந்தச் சம்பந்தமும் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

நான் கடைசி வரை அவரிடம் அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னிடம் ‘எனக்கப்புறம் இதை வித்துடும்மா, உனக்கு இது ஒத்துவராது’ என்றாரே, நீ கூட வெளியே வந்து அப்பா ஏன் இப்படிப் பேசுகிறார் என்று கேட்டாயே. அதனால்தான். நான் அப்போதும் வாயை மூடிக்கொண்டு பிளாஸ்கைக் கழுவப் போய்விட்டேன். பெரியவர் அன்று அந்தப் பாளத்தைப் பெயர்த்துப் போட்டதும் எனக்குக் கால் நிற்கவில்லை, திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அவர் வெயில் என்று நினைத்து மோர் குடிக்கச் சொன்னார்.

திட்டுவதானால் திட்டு, போனில் திட்டு.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் முதல் கோட்டு. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், வெயில் நேரே படாமல் ஜன்னலில் சாக்கு கட்டியாகிவிட்டது. பாங்கில் இருக்கிற 42,600 சுவருக்கு இல்லை. உன் அறையில் யாரும் கை வைக்கவில்லை, கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தூசிக்குப் பழைய சேலை போர்த்தியிருக்கிறேன். நான் ரேஷன் கடை, பாங்க் என்று போயிருந்தால் சாவி எதிர்வீட்டில் இருக்கும்.

அம்மா