வீட்டுத் தோட்டச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 17 உறுப்பினர்களுக்கும் வணக்கம். மொத்த உறுப்பினர்கள் 52 பேர். கூட்டம் நடத்தக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கோரம் கணக்கை இன்று யாரும் கேட்க வேண்டாம்.

செயற்குழு 5 முறை கூடியது. ஜூலையில் மாடித்தோட்டப் பயிற்சி, செப்டம்பரில் விதைப் பரிமாற்றம், ஜனவரியில் பொங்கல் விழா. விழாவுக்கு மட்டும் எல்லாரும் வந்திருந்தீர்கள்.

இனி, பூங்காவின் வடக்கு மூலை. இது போன பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுச் செயலாளரான என் தலையில் வைத்த வேலை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டதாக ஒரு பேச்சு ஓடுவதால் சொல்கிறேன். நம் மண்ணின் செடிகளை மட்டும் வைத்து ஒரு மாதிரித் தோட்டம். அதைப் பார்த்து அவரவர் வீட்டு வாசலில் அமைத்துக்கொள்ளலாம். 2016 வர்தா புயலில் நம் தெருவில் எது சாய்ந்தது, எது நின்றது என்று பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். மடகாஸ்கர் பூர்வீகமான குல்மோகர் வேரோடு கார்மேல் படுத்தது. பக்கத்திலிருந்த புங்கனுக்குக் கிளை மட்டும்தான் போனது.

செடி வாங்க நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் போகன்வில்லா, அரேகா பனை, மெக்சிகன் புல். ஆவாரை கேட்டதும், "அது ரோட்டோரம் கிடக்குமே சார், யாரு காசு குடுத்து வாங்குவாங்க?" என்றார் ஒருவர். சரி என்று செங்கல்பட்டுப் பக்கம் போய் ரோட்டோரத்தில் விதை பொறுக்கி வந்தேன். 40 விதை போட்டதில் முளைத்தது 3. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால்தான் உள்ளே தண்ணீர் இறங்கும். இரண்டாம் முறை 26 முளைத்தது. அப்புறம் வேலிக்கு, வெட்டி நடும் நொச்சிக் கிளையான போத்து, அரை நிழலில் வெட்சியும் கனகாம்பரமும், புல்லுக்குப் பதில் பொடுதலை. பொடுதலை தரையோடு படரும், மிதித்தாலும் தாங்கும், மெஷின் வைத்து வெட்டும் வேலையில்லை.

திறந்த அன்றே ஓர் உறுப்பினர், "மிளகாயும் கொய்யாவும்கூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அதையும் பிடுங்குவீங்களா?" என்று கேட்டார். யார் வீட்டு மிளகாயிலும் நான் கை வைக்கவில்லை. சமையலுக்கு வைப்பதை வையுங்கள். அழகுக்கு வைப்பதில் பாதியாவது இந்த ஊர்ச் செடியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

நவம்பரில் ஆவாரை இலையில் புழு வந்தது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. ஒருநாள் காலையில் போனால் மூலை முழுக்க மருந்து வாடை. புழுக்கள் கீழே சுருண்டு கிடந்தன. எண்ணினேன், 11. 'பூச்சி அரிக்கிறதே' என்று யாரோ நல்லெண்ணத்தில் அடித்திருக்கிறார். யார் என்று தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் புழு இலையைத் தின்றுதான் வெளிர்பச்சை கலந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சியாகிறது. அதற்காகத்தானே செடி வைத்தோம்? ஆவாரை அடுத்த மழையிலேயே துளிர்த்துவிட்டது.

முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. முறை வைத்து ஊற்ற 14 பேர் பெயர் கொடுத்தீர்கள். வந்தவர்கள் 2 பேர். அதில் ஒருவர் என் மனைவி, அவர் உறுப்பினர்கூட இல்லை.

ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 21 பேர். வாட்ஸ்அப்பில் மூன்று முறை நினைவூட்டினேன். நீல டிக் விழுந்தது, பணம் விழவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். செம்மண், தொழுவுரம், ஹோஸ் பைப், சில்லறை என்று போய்விட்டது. துண்டு விழுந்த தொகையை ஒருவர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டினார். அவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை முடிந்ததும் பார்வைக்கு வைக்கப்படும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், குழாயைத் திறந்துவிட்ட பூங்கா வாட்ச்மேனுக்கும், இன்றைய சுண்டலுக்குப் பொறுப்பேற்ற உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் சாவியையும் மினிட்ஸ் நோட்டையும் இன்றே கொடுத்துவிடுவேன். வடக்கு மூலையை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் வராவிட்டால், சரி, பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. கனகாம்பரக் காய் மழைத்துளி பட்டால் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அப்படித் தானாக முளைத்த கன்றுகள் 60, பாக்கெட்டில் மாற்றி என் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு, இலவசம், சந்தா கட்டாதவர்களுக்கும் உண்டு. ஞாயிறு காலை 7 முதல் 9 வரை வந்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து மேஜையில் ரசீதுப் புத்தகமும் இருக்கும்.

செயலாளர்