ஒரு ஓட்டு எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் 2009 ஜனவரியில் நடந்த சபாநாயகர் தேர்தலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவையாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் கென்ட் வில்லியம்ஸ் என்ற அந்த உறுப்பினரை ‘துரோகி’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது எனக்கு ஒப்பவில்லை.

அங்கே 99 பேர் கொண்ட அவை. குடியரசுக் கட்சிக்கு 50, ஜனநாயகக் கட்சிக்கு 49. குடியரசுக் கட்சியின் ஜேசன் மம்பவர்தான் சபாநாயகர் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியினர் 49 பேரும் அதே குடியரசுக் கட்சியின் வில்லியம்ஸுக்கு ஓட்டுப் போட, அவர் தன் ஓட்டையும் தனக்கே போட்டுக்கொண்டார். 50க்கு 49. கட்சி வேட்பாளரை ஆதரிப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தவர் அவர். அதை நானும் மெச்சவில்லை. ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டாமா? கட்சி அவரை நீக்கியது, உறுப்பினர் இடம் போகவில்லை. 2010 தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லாமல் நின்றார், தொகுதி மக்கள் அவரையே திரும்ப அனுப்பினார்கள். துரோகியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை ஓட்டுப் போட்டவர்களிடமே இருந்தது. நம் நாட்டிலோ கொறடா உத்தரவை (எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை) மீறி அவையில் ஓட்டுப் போட்டால், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும்.

‘நம் ஊரில் இப்படியெல்லாம் நடக்காது’ என்று கட்டுரை முடிகிறது. நடந்திருக்கிறது. நான் ஓசூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியே அதற்குச் சாட்சி.

1946இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர்) ராஜாஜி வர வேண்டும் என்பது காந்தியின் விருப்பம். காந்தி சொல்லியும் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்கவில்லை. சரி, அடுத்து காமராஜர் கைகாட்டும் ஆள்தானே வருவார்? அதுவும் இல்லை. காமராஜர் ஆதரித்த முத்துரங்க முதலியார் 69 ஓட்டு, ஆந்திரத்தின் பிரகாசம் 82. காந்தி, காமராஜர் இருவர் கணக்கும் ஒரே மாதத்தில் தப்பியது. எட்டு வருஷம் கழித்து, தன் புதிய கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் முதலமைச்சர் ராஜாஜி விலகியபோது மறுபடி ஓட்டு. காமராஜருக்கு 93, ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். 41 பேர் வேண்டாம் என்றது ஊருக்கே தெரியும். அதனால் யாருக்கும் தலை போகவில்லை.

இப்போது பாருங்கள். 2016 டிசம்பரில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் ஓ. பன்னீர்செல்வத்தை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2017 பிப்ரவரி 5 அன்று சசிகலாவை ஒருமனதாக. பிப்ரவரி 14 அன்று எடப்பாடி பழனிசாமியை, அதுவும் ஒருமனதாக. எழுபது நாளில் மூன்று ஒருமனம்! நடுவில் உறுப்பினர்களைக் கூட்டிப்போய்த் தங்கவைத்த கூவத்தூர் விடுதி வேறு. பிப்ரவரி 18 அன்று அவையில் பழனிசாமி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பை ரகசியமாக நடத்தக் கேட்டார்கள், சபாநாயகர் மறுத்தார். 122க்கு 11 என்று முடிந்தது. ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லவில்லை. எந்தக் கட்சியிலும் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்வு என்றால், பெயரை மேலே முடிவுசெய்து, கீழே கை தட்டச் சொல்வதுதான் வழக்கமாகிவிட்டது.

இதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது. கட்சித்தாவல் தடைச் சட்டம் தண்டிப்பது கட்சியை விட்டு விலகுவதையும், அவைக்குள் கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போடுவதையும்தான். கட்சி உறுப்பினர்கள் தனியாகக் கூடித் தங்கள் தலைவரைச் சீட்டு எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுப்பதை அது தடுக்கவில்லை. 1946இல் முடிந்தது இன்றைக்கும் முடியும். ஏன் செய்வதில்லை என்ற கேள்வியைக் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம்.

கிராமத்தில் நாங்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். 2011இல் எங்கள் ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினர். ஒன்பது வார்டு, தலைவரோடு சேர்த்துப் பத்து ஓட்டு. துணைத் தலைவருக்கு நின்ற மாந்தோப்புக்காரர் என்னையும் சேர்த்து ஐந்து பேரிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார், தன் ஓட்டோடு ஆறு. முதல் நாள் எல்லாருக்கும் ஒகேனக்கலில் மீன் குழம்பு. மறுநாள் சீட்டை எண்ணினால் ஐந்துக்கு ஐந்து. குலுக்கல் போட்டார்கள், சீட்டு எதிராளிக்கு வந்தது. மனிதர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் துணைத் தலைவராக வந்தவர், தோற்ற தெருவின் ஓட்டும் தனக்கு வேண்டும் என்ற பயத்திலேயே ஐந்து வருஷமும் எங்கள் குழாயில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டார்.

மாந்தோப்புக்காரர் இன்னும் டீக்கடையில் என்னைப் பார்த்தால், “அந்த ஒண்ணு யாருண்ணே?” என்று கேட்கிறார். மற்ற நான்கு பேரிடமும் கேட்கிறாராம். நானும் அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாம்பழ விலைக்குத் திருப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
ஓசூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.)